ஏழுமலை பாருல பிடித்த சங்கரா

ஞாயிற்றுக்கிழமை, செம்பாக்கம் ஏரிக்கரைச் சாலையில் வண்டியில் மீன் விற்கிறவன் ஒரு சங்கராவைத் தூக்கிக் காட்டினான். "ஏழுமலை பாருல புடிச்சதுக்கா. ஐஸே படல."

பையை விரித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். ஏழுமலை என் அண்ணன் பெயர்.

நான் கடற்கரைக் குப்பத்துப் பெண். நீச்சல் மட்டும் வராது, சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள். சங்கரா வாடை பட்டாலே எங்கள் கடலடியில் கிடக்கும் கப்பல் ஞாபகம் வந்துவிடும். வெள்ளைக்காரன் காலத்துப் புகைக்கப்பல். ஜனங்களோடு புயலில் உள்ளே போனதாம். அதன் பெயர் என்னவென்று எத்தனையோ பேரை நச்சரித்திருக்கிறேன், ஒருத்தருக்கும் தெரியாது. 'கப்பல் பாரு' என்பார்கள். பாரு என்றால் கடலடிப் பாறை. சுற்றிலும் சங்கரா மொய்க்கும். நேர் மேலே வலை விட்டாலோ இரும்பில் மாட்டிப் படகையே இழுக்கும்.

ஒருமுறை வலையில் பீங்கான் கோப்பை வந்தது. அண்ணன் அதைக் கடலிலேயே போட்டுவிட்டு வந்தான். "அவங்க டீ குடிக்க வாணாமா? எறங்குற எடம் வரலன்னு உள்ளயே குந்திகினு கீறாங்க." சிரித்தேனே தவிர, அன்றைக்கு எனக்கு டீ இறங்கவில்லை.

கப்பல் எங்கே என்பதைக் கரையை வைத்துத்தான் கணிப்பார்கள். கரையில் பனை வரிசை. அதன் வடக்குக் கோடிப் பனையும் பின்னால் தூரத்து மலை முனையும் நேராக வந்தால் கீழே கப்பல். விலகியிருந்தால் பயமில்லை.

அண்ணன் மாமியார் வீட்டு விசேஷத்துக்குத் தாம்பரம் போயிருந்தபோது, ஃபிளாட் கட்ட வந்தவர்கள் கோடிப் பனையை மட்டும் சாய்த்துவிட்டார்கள். திரும்பி வந்தவன் விடியும் முன்னே நேராகக் கடலுக்குப் போனான். எந்த வரிசைக்கும் ஒரு கோடி இருக்கத்தானே செய்யும்? அடுத்த பனையைக் கோடியென்று நினைத்துவிட்டான்.

கூடப் போன மணி மட்டும் நீந்தி வந்தான். "பனை வெலகித்தான் கீது, வலைய வுடுன்னான்" என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதான். வலை மாட்டி, அலை புரட்டிப் படகு கவிழ்ந்திருக்கிறது. அண்ணன் உடம்புகூடக் கிடைக்கவில்லை. பாவி, அவன் வாய்வார்த்தையா இப்படிப் பலிக்க வேண்டும்!

இப்போது பனை வரிசையே இல்லை. எல்லாரும் செல்போனில் ஒரு பெயர் போட்டு இடம் குறித்துவைத்துக்கொண்டு போகிறார்கள்.

"ஏழுமலைன்னா யாருப்பா?" என்று மீன்காரனைக் கேட்டேன்.

"ஆளு இல்லக்கா. கடல்ல ஒரு எடம்."

"அடியில இன்னா கீது?" குப்பத்துப் பேச்சு தானாக வந்துவிட்டது.

"இன்னா கீது, வெறும் பாறதான். வெட்டித் தரவாக்கா?"