சுண்டுவிரல் ஊன்றிய இடம்

வாப்பாவின் தம்பியான சாச்சா கட்டாரில் மௌத்தாகி, அங்கேயே அடக்கப்பட்டார். கல்பிட்டிக்கு வந்தவை அவருடைய உடுப்புப் பெட்டியும் துணியில் சுற்றிய ஓர் ஊத்தும்தான். ஊத் என்பது பானை வயிறும் குட்டைக் கழுத்தும் கொண்ட அறபு நரம்பு வாத்தியம். மீட்டுவதற்கென்று சீவிய கழுகிறகு ஒன்றும் அதில் செருகியிருந்தது.

சாச்சி அப்போது இத்தா இருந்தார்; புருஷனை இழந்தவர் நாலு மாதமும் பத்து நாளும் பிற ஆண்கள் காணாமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. வெள்ளிக்கிழமைகளில் சாச்சா தொலைபேசியைப் பக்கத்தில் வைத்து அவருக்கு வாசித்துக் காட்டுவாராம். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. புருஷனின் மையித்தைக்கூடக் காணாத அந்த மனுஷி கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தச் சத்தத்தை இன்னொருக்கால் கேட்க வேண்டும்.

மன்னாரை விட்டு இடம்பெயர முன்னர் வாப்பா மெண்டலின் வாசித்தவர். ஆனாலும் பயந்தார்.

“இத்தா வீட்டுல கச்சேரியெண்டு சனம் கதைக்கும் புள்ள. உலை வாய மூடலாம், ஊர் வாய மூடேலுமா?”

“சனமா மச்சான் என்னோட இருந்து அழப்போகுது?” என்று திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து சாச்சி கேட்டார். வாப்பா எழும்பி யன்னலைச் சாத்தினார்.

முதலில் இறகால் மீட்டினார். கணீரென்றிருந்தது.

“இது அவர்ட சத்தமில்ல” என்றார் சாச்சி.

நகத்தால் சுண்டினார். கழுத்துக்குக் கிட்டச் சுண்டினார், அடியில் சுண்டினார். எல்லாவற்றுக்கும் அதே பதில். இப்படியும் ஒரு பிடிவாதமா என்று எனக்கு எரிச்சலே வந்தது. சாச்சியின் குரலோ ஒவ்வொரு தடவையும் தெளிந்துகொண்டு வந்தது.

அஸர் தொழுதுவிட்டு வந்துதான் வாப்பா ஊத்தின் முகப்பலகையைக் குனிந்து பார்த்தார். நரம்புகளுக்குப் பக்கத்தில் ஓரிடம் மெருகு போய்த் தேய்ந்திருந்தது. இறகின் முனை தேயவே இல்லை.

“இறகால வாசிக்கல்ல இவன். சுண்டுவிரல இதுல ஊண்டி, வெறும் விரலால வாசிச்சிரிக்கான். அந்தக் காலத்து ஆக்கள்லயும் சிலபேர் அப்பிடித்தானாம்.”

அந்த இடத்தில் தன் சுண்டுவிரலை ஊன்றினார். பெருவிரலின் சதை தானாகவே நரம்பில் படிந்தது. பக்கத்தில் உறங்குபவரைக்கூட எழுப்பாத சின்னச் சத்தம். கட்டாரில் பலர் ஒன்றாய்ப் படுக்கும் அறையில் வேறெப்படி வாசிப்பது என்றார் வாப்பா.

திரைச்சீலையை விலக்கி நான் எட்டிப் பார்த்தேன். மௌத்துச் செய்தி வந்த அன்றுகூட அழாத சாச்சி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“போதும் மச்சான். சுத்தி வைங்க.”

எனக்குச் சரியான கோபம். இவ்வளவு பாடுபட்டுத் தேடியது கிடைத்துவிட்டதே, பிறகென்ன அழுகை? தேடிக்கொண்டிருந்த வரைக்கும் சாச்சா அவருக்கு மௌத்தாகவில்லை என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.