பவளம் மில்லும் மூன்று கொடிக்கம்பங்களும்

பவளத்தைப் போல எல்லாவற்றிலும் நடுவில் நின்ற மனுஷியை நான் பார்த்ததில்லை. அவள் வீட்டுப் பசு ரோட்டில் நடந்தால் இரண்டு பக்கத்துக்கும் சமமாகச் சாணி போடும். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். சாணி பொறுக்க வந்தவர்கள் சண்டையில்லாமல் வீடு திரும்பியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற ரோட்டில், எங்கள் ஊருக்குத் திரும்புகிற கூட்டுரோட்டில்தான் அவளுடைய மாவு மில். புருஷன் கட்டடத்தைக் கட்டி, மோட்டாரை இறக்கி, கரண்டு வருவதற்குள் காமாலையில் போய்விட்டான். கரண்டு மட்டும் வந்தது. பவளம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே சுவிட்சைப் போட்டாள். மாவுக்கு ஒரு மிஷின், மிளகாய்க்கு ஒரு மிஷின். மழைக்காலத்தில்கூட அவள் புருவம் வெள்ளையாகத்தான் இருக்கும்.

மில்லில் டின்னோடு காத்திருக்கும் பெண்கள் ஊர் விஷயம், நாட்டு விஷயம் எல்லாம் பேசுவார்கள். மோட்டார் ஓடும்போது பேசினால் கத்தித்தான் பேச வேண்டும். அதனால் பவளத்தின் கருத்துகள் எல்லாமே கத்திச் சொல்லப்பட்டவை. அவ்வளவு மிதமான கருத்துகளை அவ்வளவு சத்தமாகச் சொன்ன ஆள் இந்தத் தொண்டை மண்டலத்தில் வேறு யாரும் கிடையாது. பல மைல் தள்ளி ராஜகுளம் ஊரில் தூங்குகிறவர்கள்கூட எழுந்துகொள்வார்கள் என்று நான் சொல்வதுண்டு. கொஞ்சம் கூடுதலாகவே சொல்லியிருப்பேன்.

சாராயக்கடையை மறுபடி திறந்த வருஷம், டின்னோடு வந்திருந்த சிட்டம்மாள் கேட்டாள், "ஏன்க்கா, கடையத் தொறந்துட்டாங்களே, நீ இன்னா சொல்றே?"

"தொறக்கட்டும். மூடி வெச்சா கண்டதையும் காய்ச்சிக் குடிச்சிட்டு கண்ணு போவுது. ஆனா கூலி குடுக்கிற அன்னிக்கு மட்டும் மூடிப்புடணும்."

கடையே கூடாது என்றவர்கள், சாராயக் கான்டிராக்டர் இவளுக்கு ஏதோ கொடுத்துவிட்டான் என்றார்கள். குடிக்கிறவர்களுக்கோ கூலி நாளை விட்டால் வேறு நாள் ஏது? அன்று ராத்திரி மில்லின் ஓட்டுக்கூரையில் கல் விழுந்தது.

எமர்ஜென்சியைப் பற்றி, "பஸ்ஸு நேரத்துக்கு வந்துச்சு, அது நல்லாருந்துச்சு. ஆனா ஆளை இஸ்துகினு போயி ஆபரேசன் பண்ணாங்க பாரு, அது அக்கிரமம்" என்றாள். இந்தியைப் பற்றி, "படிக்கிறவன் படிக்கட்டும், வேணாம்னா வுட்டுடட்டும். போர்டு மேல பூசற தாரை ரோட்டுக்குப் பூசினா பள்ளமாச்சும் மூடும்" என்றாள். அவள் வாக்கியம் எதுவாக இருந்தாலும் நடுவில் ஒரு 'ஆனா' இருக்கும். கேட்கிறவர்கள் அவரவருக்கு வேண்டாத பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். சாயங்காலத்துக்குள் இந்தக் கட்சிக்காரன் அவளை அந்தக் கட்சி என்பான், அந்தக் கட்சிக்காரன் இந்தக் கட்சி என்பான்.

கூட்டுரோட்டு டீக்கடையில் காலனிக்காரர்களுக்குத் தனி கிளாஸ் வைத்திருந்தார்கள். அதற்கும் அவளிடம் கருத்து இருந்தது. "ஒரே கிளாஸுதான் வரணும். ஆனா மெதுவா வரணும், அடிதடி இல்லாம." அது பல வருஷமாக மெதுவாக வந்துகொண்டே இருந்தது. அவளுடைய மில்லிலும் ஒரு ஏற்பாடு உண்டு. காலனிப் பெண்களோடு ஒரே வரிசையில் நிற்க மாட்டோம் என்று ஊர்த்தெருப் பெண்கள் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அதனால் மத்தியானம் வரை ஊர்த்தெரு, அதற்குப் பிறகு காலனி. ஒரே மிஷின், ஒரே கூலி. முன்னெல்லாம் உரலில் இடித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தான் மில்லையே கொண்டுவந்து கொடுத்ததாக அவளுக்கு ஒரு பெருமை. காலனி மார்த்தாள் நடவு முடித்துச் சேற்றுக்காலோடு கேழ்வரகு டின்னைத் தூக்கிக்கொண்டு சாயங்காலம் வருவாள். அவள் இந்த ஏற்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பவளம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

இனி கம்பத்துக்கு வருகிறேன்.

மில்லுக்கு முன்னால் இருந்த இடம் பவளத்தின் பட்டா. எமர்ஜென்சி முடிந்த வருஷம் ஊர்த்தெருச் சடையப்பன் வந்து அங்கே தன் கட்சிக்கு ஒரு கொடிக்கம்பம் நட இடம் கேட்டார். மறுநாள் தாமோதரன் வந்து தன் கட்சிக்குக் கேட்டார். எங்கள் ஊரில் கட்சிப் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். சடையப்பன் கட்சி, தாமோதரன் கட்சி, அவ்வளவுதான். தாமோதரன் கட்டியிருப்பது சடையப்பனின் தங்கை ஜெயம்மாளை. கட்சி பிரிந்த நாளிலிருந்து மச்சான்மார் இருவரும் ஒரே பெஞ்சில் உட்காரவில்லை, ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்கவில்லை. பவளம் இருவருக்கும் இடம் கொடுத்தாள். ஒரே நிபந்தனை, இரண்டு கம்பமும் ஒரே உயரம்.

உயரம் எங்கே நின்றது? இவர் ஒரு பைப்பை ஒட்டவைப்பார், அவர் இரண்டு பைப்பை ஒட்டவைப்பார். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானமெல்லாம் எங்கள் கூட்டுரோட்டைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன என்று நான் அந்தக் காலத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் நம்பினார்கள். பவளம் ஒவ்வொரு தடவையும் ஏணியும் ரம்பமும் கொண்டுவரச் சொல்லி, நீண்டதை அறுத்துச் சமமாக்குவாள். பொங்கலுக்கு இருவர் வீட்டுக்கும் ஒரே அளவு மாவு அனுப்புவாள். "எப்படியாச்சும் ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சில குந்த வெச்சிடணும், அத்தப் பாத்துட்டா எனக்குப் போதும்" என்பாள். அதற்காக அவள் பட்ட பாட்டுக்குப் பாதி பட்டிருந்தால் கூட்டுரோட்டுக்கு ஒரு ஆஸ்பத்திரியே வந்திருக்கும்.

எண்பத்து மூன்றாம் வருஷம் தை பிறந்ததும் மார்த்தாளின் மகன் அருள்தாஸ் மில்லுக்கு வந்தான். வாத்தியார் டிரெயினிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த பையன். காலனியில் அம்பேத்கர் மன்றம் ஆரம்பித்திருந்தார்கள்.

"நாங்களும் இங்க ஒரு கம்பம் நட்டுக்கிறோம்மா. அவங்களுக்குக் குடுத்தாப்பல. அதே ஒயரம், ஒரு விரக்கடை கூடக் கேக்கல."

பவளம் யோசித்தாள். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. "நடுங்கப்பா. அறுப்பு முடியட்டும், மெதுவா" என்றாள். பிறகு, "சரி, வர்ற ஞாயித்துக்கிழமையே வெச்சிக்கோங்க" என்று தானே திருத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில் நான் என் அரிசி டின்னோடு அங்கேதான் இருந்தேன். சடையப்பனும் தாமோதரனும் சேர்ந்து நடந்து வந்தார்கள். சேர்ந்து வந்து மில் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒரு டீயை வாங்கி இரண்டு கிளாஸில் பாதிப் பாதி ஊற்றிக் குடித்தார்கள். பவளம் மோட்டாரை நிறுத்தினாள். நிறுத்தினாளோ, அதுவாகவே திகைத்து நின்றுவிட்டதோ, எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

"இன்னாண்ணே, மச்சானும் மச்சானும் ஒரே பெஞ்சில. என் கண்ணே பட்டுடும் போலக் கீதே" என்றாள்.

"நல்ல காரியத்துக்கு ஒண்ணாத்தானே வரணும்" என்றார் தாமோதரன்.

"காலனிப் பசங்க இங்க கம்பம் நடப் போறானுங்களாம். நீ சரின்னியாம்" என்றார் சடையப்பன்.

"ஆமாண்ணே. உங்களுக்குக் குடுத்த மாதிரிதான். அதே ஒயரம்."

"அதே ஒயரமாம் மச்சான்" என்று சடையப்பன் தாமோதரனைப் பார்த்தார். பத்து வருஷத்துக்கும் மேலாக அந்த வாயிலிருந்து வராத 'மச்சான்'.

தாமோதரன் பொறுமையாகப் பேசினார். கம்பம் வேண்டாம் என்று சொல்லவில்லை, காலனிக்குள்ளேயே நட்டுக்கொள்ளட்டும். பவளம்தான் போய்ச் சொல்ல வேண்டும். "எங்க ரெண்டு பேருக்கும் நீதான் பொதுவான ஆளு. நீ சொன்னா கேப்பானுங்க."

"கேக்கலன்னா?"

"ஊர்த்தெருவுலேர்ந்து ஒரு டின்னு இங்க வராது. என் எடத்துல புது மில்லு போட்டுக்குவோம். பாங்குல லோன் குடுக்கிறாங்க" என்றார் தாமோதரன்.

பொதுவான ஆள் என்று தன்னை யாராவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவள் இத்தனை வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தினாள். அந்தப் பட்டம் கடைசியில் இந்த வேலைக்காக வந்தது.

அன்று சாயங்காலம் காலனிக்குப் போனாள். தனியாகப் போகத் தைரியமில்லாமல் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் நடுவழி ஒன்றைத் தேடிக்கொண்டே வந்து, மார்த்தாள் வாசலை எட்டுவதற்குள் கண்டுபிடித்துவிட்டாள்.

"கம்பம் வேணாம்னு நான் சொல்லல. மில்லுக்குப் பின்னாடி வெச்சிக்குங்க. அதுவும் என் எடந்தான். இல்லாங்காட்டி முன்னாடியே வைங்க, ஆனா கொஞ்சம் குள்ளமா."

"குள்ளமான்னா எவ்ளோம்மா?" என்றான் அருள்தாஸ். "எருமை முதுகு சொறியற ஒயரமா?"

"நீ சும்மா இர்றா" என்றாள் மார்த்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். "யம்மா, நாங்க ஒரு முழம் கேக்கறோம். அவங்க ஒண்ணுமே கெடையாதுன்றாங்க. நீ நடுவுல வந்து அரை முழம்ன்றே. அடுத்த வாட்டி அந்த அரை முழத்துக்கு ஒரு நடு பாப்பே. ஒன் நடுதான் நகந்துகினே கீது. அவங்க குந்தின எடத்துலயே குந்திக்கினு கீறாங்க."

"நான் மில்லு போட்டுக் குடுக்கலியாடி ஒங்களுக்கு?"

"குடுத்தே. சாயங்காலம்."

பவளத்துக்கு முகம் கறுத்தது. "இத்தினி வருசத்துல வாயத் தொறந்து ஒரு வாட்டியாச்சும் சொன்னியா?"

"நீ மோட்டார நிறுத்தினாத்தானேம்மா காதுல வுயும்."

திரும்பும்போது வழி நெடுகத் திட்டினாள். சடையப்பனைத் திட்டினாள், தாமோதரனைத் திட்டினாள், மார்த்தாளைத் திட்டினாள், நடுவில் வந்த ஒரு நாயைத் திட்டினாள். "எல்லாரும் என்னையே கொண்டாந்து நடுவுல நிறுத்துறாங்க. ஒருத்தனும் ஒரு அடி நகர மாட்டேன்றான். நான் இன்னா பண்றது, சொல்லு." நான் நடையை எட்டிப் போட்டேன். நின்றால் எனக்கும் விழுந்திருக்கும்.

மறுநாள் மச்சான்மார் இருவரையும் கூப்பிட்டுத் தீர்ப்பு சொன்னாள். "நின்னா மூணும் நிக்கட்டும். இல்லியா, மூணும் வேணாம், என் எடத்தக் காலி பண்ணுங்க."

எனக்குத் தெரிந்து அதைவிட மிதமான தீர்ப்பு இருக்க முடியாது. அன்று மத்தியானமே இரண்டு கட்சி ஆட்களும் கடப்பாரையோடு வந்தார்கள். தாமோதரன் கம்பத்தைச் சடையப்பன் ஆட்கள் தாங்கிப் பிடித்தார்கள். சடையப்பன் கம்பத்துக்குத் தாமோதரன் ஆட்கள் கயிறு கட்டினார்கள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் புறம்போக்கில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டார்கள். அந்த ஒற்றுமையைப் பார்த்தால் கல்லுக்கும் கண்ணீர் வந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலனிக்காரர்கள் தங்கள் கம்பத்தை மில்லுக்கு முன்னால் நட்டு நீலக்கொடி ஏற்றினார்கள். அவள் இடத்தில் அது ஒன்றுதான் நின்றது.

ஊர்த்தெருவில் பவளம் காலனிக் கட்சி ஆகிவிட்டாள். காலனியிலோ, "பின்னாடி வெச்சிக்கன்னு சொன்ன அம்மாதானே" என்றார்கள். அதுவரை நடுவில் நிற்பதற்கு அவளுக்கு இரண்டு பக்கமாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

சொன்னபடி காலை டின்கள் நின்றுபோயின. என் டின் ஒன்றுதான் வந்தது, அதற்காக என் மருமகளோடு எனக்கு நடந்த சண்டை தனிக்கதை. மற்றவர்கள் உத்திரமேரூர் மில்லுக்குப் போனார்கள். டின்னைக் கண்டாலே கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டான், இறக்கும்போது மாவு பாதி பஸ்ஸிலேயே கொட்டியது. காலையில் என் டின்னை அரைத்ததும் பவளம் மோட்டாரை நிறுத்திவிடுவாள். சும்மா உட்கார்ந்து எதிர்ப்பக்கத்து இரண்டு கம்பங்களை முறைப்பாள். பழக்கதோஷத்தில் என்னிடம் கத்தியே பேசுவாள். ஈ பறக்கிற அமைதியில் அந்தக் கத்தல் கேட்கச் சகிக்காது. "எவனாச்சும் வந்து சண்டை போட்டாலாவது பரவால்ல" என்பாள்.

மாசி பாதியில் ஒரு சாயங்காலம் மார்த்தாள் இரண்டு டின்களோடு வந்தாள். ஒன்று அவளுடைய கேழ்வரகு. இன்னொன்றின் வாயைத் துணி போட்டுக் கட்டியிருந்தாள். மில்காரிக்கு ஊரில் உள்ள எல்லா டின்னும் முகம் தெரிந்த டின்கள்.

"இது தாமோதரண்ணன் வூட்டு ஜெயம்மா டின்னு இல்ல?"

மார்த்தாள் கீழே பார்த்தாள். "இடியாப்பத்துக்கு வோணுமாம். எங்க வூட்டுதுன்னு சொல்லச் சொன்னாங்க."

பவளம் எழுந்து அந்த டின்னைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தாள். "ஜெயம்மாவே வரட்டும். ஒனக்குப் பின்னால வரிசையில நிக்கட்டும். அதுவரிக்கும் அரைக்க மாட்டேன்."

அவள் வாயிலிருந்து 'ஆனா' இல்லாத பேச்சு வந்து அன்றுதான் கேட்டேன். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது.

மார்த்தாள் வெளியே போய் டின்னை மறுபடி உள்ளே கொண்டுவந்தாள். "அரைச்சிக் குடுத்துடும்மா. திருப்பி எடுத்துகினு போனா ஒன்ன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. என்னத்தான் நாளைக்குக் களைக்குக் கூப்புட மாட்டாங்க. ஒனக்கு ரோசம். எனக்குக் கூலிம்மா, பேஜாரு பண்ணாதே."

பவளம் அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்தாள். இத்தனை வயசுக்குப் பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தால், சாய்ந்த பாரம் மார்த்தாள் தலையில்தான் இறங்குகிறது. அப்புறம் எழுந்து சுவிட்சைப் போட்டாள்.

"ஒன் கேவுர மொதல்ல கொட்டு" என்றாள்.

கேழ்வரகு அரைந்து முடிந்தது. வழக்கமாக நடுவில் ஒரு பிடி தவிடு போட்டுக் கல்லைச் சுத்தம் பண்ணுவாள். அன்று போடவில்லை. ஜெயம்மாள் அரிசியை அப்படியே மேலே கொட்டினாள். கல்லில் மிச்சமிருந்த கேழ்வரகு கலந்து மாவு செம்பழுப்பாக இறங்கியது.

"யம்மா, மாவு செவந்து கீதே" என்று மார்த்தாள் பதறினாள்.

"கேட்டா மில்லுக்காரி அரைச்சது இப்படித்தான்னு சொல்லு. வேணும்னா என்னாண்ட வந்து கேக்கட்டும்."

ஜெயம்மாள் வரவில்லை. தாமோதரன் அந்த இடியாப்பத்தைத் தேங்காய்ப்பாலோடு மூன்று தட்டு சாப்பிட்டாராம். அந்த மூன்றில் ஒன்று நான் கூட்டிச் சொன்னது. அடுத்த வாரம் அதே டின் அதே துணிக்கட்டோடு மார்த்தாள் தலையில் வந்தது, அதற்குப் பின்னால் இன்னும் நாலைந்து காலனிப் பெண்கள் தலையில் ஊர்த்தெரு டின்கள். பவளம் ஒவ்வொன்றையும் யாருடையது என்று கேட்டாள். எல்லோரும் எங்கள் வீட்டுடையது என்றார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, வந்த வரிசைப்படி அரைத்துக் கொடுத்தாள்.