இரவல் நாற்காலி

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி அவரிடம் படித்த பெண்கள் கேட்டார்கள். நல்லதற்கு முன்னால் நான் சொல்லியாக வேண்டியது ஒன்று இருக்கிறது.

அக்கா பிறந்தது அடி அண்ணாமலையில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிக் கூலி வாங்கியவர்கள். ஐம்பதுகளின் கடைசியில் அக்கா எட்டாவது முடித்தார். டவுனில் விடுதியில் தங்கி மேலே படிக்க, ஊர் வாத்தியார் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டார். வீட்டு நிலைமையைப் பார்க்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது.

அம்மாவுக்கு அது பெண் பார்க்க வருவது போலத்தான். "ஆபீசர் வர்றாரு, ஒண்ணுமில்லாதவங்க மாதிரி நிக்கச் சொல்றியா?" என்று அப்பாவை அடக்கிவிட்டுத் தெரு முழுக்க இரவல் வாங்கினார். பித்தளை அண்டா, குத்துவிளக்கு, ஒரு பட்டுப்புடவை, ஒரு மடக்கு நாற்காலி. நாற்காலியைத் தலையில் வைத்துத் தூக்கி வந்தவள் ஒன்பது வயதான நான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வந்தவர் அதில் உட்கார்ந்து காப்பி குடித்தார். சுற்றிலும் பார்த்தார். "நல்லாத்தானே கீறீங்க, உங்களுக்கு இன்னாத்துக்கு உதவித்தொகை?" என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அக்கா யாரிடமும் சொல்லாமல் தாலுகா ஆபீசுக்குத் தனியாக நடந்தார். "அந்த நாற்காலி, அண்டா எதுவும் எங்களுது இல்லீங்க. எங்கம்மா கட்டியிருந்த புடவைகூட இரவல்ங்க. சொல்லாம வந்து பாருங்க" என்றாராம். அந்த இன்ஸ்பெக்டரும் சொல்லாமல் வந்தார். கூழ்ப்பானையையும் ஓட்டைக் கூரையையும் பார்த்து எழுதிக்கொண்டார். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. உதவித்தொகை கிடைத்தது.

"புடவையைக்கூடவா சொல்லணும்?" என்று மட்டும் அம்மா கேட்டார். அதன்பின் அக்காவிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதிக்கு எல்லாப் பெண்களின் வீட்டாரும் வருவார்கள். அக்காவும் தலை வாரிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாராம். மூன்று வருடமும் எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை. அப்பா கிளம்பினாலும் அம்மா விடமாட்டார். நானாவது போயிருக்கலாம், நடந்து போகிற தூரம்தான். நான் அம்மா பக்கம் நின்றேன். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

அக்கா ஆசிரியையானார். எனக்கும் விண்ணப்பம் எழுதிப் போட்டுப் படிக்க வைத்தார். என்னைப் போல எத்தனையோ பெண்கள். "ஆபீசர் வந்தா வீடு இருக்கிறபடி இருக்கட்டும்மா" என்று ஒவ்வொரு தாயிடமும் போய்ச் சொல்லுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா பிறகு பேசத் தொடங்கினாலும், கடைசி வரை அவரிடம் ஒப்புக்குத்தான் பேசினார். அக்காவும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. தனியாகவே சமைத்து, தனியாகவே சாப்பிட்டு, ஒருநாள் தனியாகவே போய்விட்டார்.

செய்தி கேட்டு வேங்கிக்காலில் அவர் வீட்டுக்கு ஓடினேன். அங்கே இருந்தது ஒரே ஒரு நாற்காலி. கூட்டம் சேரச் சேர, அக்கம்பக்கத்தில் கேட்டு நாற்காலிகளை நானே தூக்கி வந்தேன்.

அன்று ஓடி வந்து உதவிய மாணவிகளுக்கும், கேட்டவுடன் நாற்காலி கொடுத்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி. அக்காவின் அந்த வீட்டில் இரவல் பொருள் இருந்தது அந்த ஒரு நாள்தான்.