அமராவதி தண்ணீர் ஊற்றிய பிள்ளை

அமராவதி நீட்டிய காலில் குப்புறக் கிடந்து வீறிடாத பிள்ளை, ஆலங்குடிப் பக்கத்து அந்த ஊரில் இருபது வருஷமாக ஒன்றுகூடக் கிடையாது. தொப்புள்கொடி விழுந்த மறுநாளே அவளுக்கு ஆள் போய்விடும். மருமகள் இன்ஜினியராக இருந்தாலும் சரி, டாக்டரம்மா "நீங்களே குளிப்பாட்டுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாலும் சரி, மூன்று மாசம் வரைக்கும் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்ற அமராவதிதான் வரவேண்டும். அவளுக்கு வயது நாற்பத்தாறு, வாய் அதற்கு மேல். "எங்கால்ல கெடந்த பய, இன்னைக்கு எனக்கே ஹாரன் அடிக்கிறான் பாரு" என்று நடு பஸ் ஸ்டாண்டில் நின்று சத்தம் போடுவாள். ஊர் சிரிக்கும். அந்தக் கர்வம் அவளுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

தை மாதம் அவள் புருஷன் முத்துராமன் துபாயிலிருந்து லீவில் வந்தான். ஒரே அறையில் பன்னிரண்டு பேர் படுத்துக் கிடந்த கேம்ப். பெட்டி நிறையச் சாமான், இடுப்பிலும் விரல் இடுக்கிலும் சொறி. டாக்டரிடம் போவதற்கு அவனுக்கு உடம்பு வணங்கவில்லை. மெடிக்கலில் போய்ச் சொன்னான், சீட்டுகூடக் கேட்காமல் ஒரு க்ரீமை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அரிப்பு ஓய்ந்தது. "பாத்தியா, மருந்துன்னா இது" என்று பெண்டாட்டியிடம் ட்யூபை ஆட்டிக் காட்டினான்.

மாசி பிறந்ததும் அவளுக்கு விரல் இடுக்கில் நமநமவென்று வந்தது. அவளும் அதையே தடவினாள், அவளுக்கும் ஓய்ந்தது. விட்டால் மறுபடி வந்தது. சும்மா சொல்லக்கூடாது, சுத்தத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. காலையில் கையையும் காலையும் மருந்துத் தண்ணீர் விட்டுத் தோல் வெளுக்கத் தேய்ப்பாள், மேலே க்ரீமைத் தடவுவாள், பிறகுதான் பிள்ளை இருக்கிற வீட்டுக்குக் கிளம்புவாள். இதற்குமேல் என்ன செய்ய வேண்டும் என்று நினைத்தாளோ, பாவி மகள்.

பங்குனியில் திலகவதி வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஒன்பது வருஷம் ஏங்கி, ஏறாத ஆஸ்பத்திரி இல்லாமல் ஏறி இறங்கிப் பெற்ற பெண் குழந்தை. திலகவதி தன் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்த பிறகும் கையை எடுக்க மாட்டாள். "பாத்துக்கா, தலை, தலை" என்பாள். "ஏத்தா, நான் இன்னைக்கு நேத்தா தண்ணி ஊத்துறேன்?" என்று அமராவதி அதட்டுவாள். அதட்டிக்கொண்டே அந்தப் பூப்போன்ற முதுகைத் தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் கிடத்தி, உள்ளங்கையால் எண்ணெயை வழித்து வழித்துத் தேய்ப்பாள்.

சித்திரை வெயிலில் குழந்தையின் மேலெல்லாம் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்தது. திலகவதி பதறிப்போனாள். அமராவதி ஒரு பார்வை பார்த்தாள். "வேர்க்குரு தாயி. இந்த வெயிலுக்கு நமக்கே பொரியுது, பச்சப்புள்ளைக்குப் பொரியாதா?" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். தன் வீட்டிலிருந்து அதே க்ரீமில் புது ட்யூப் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, "லேசாத் தடவு, ரெண்டு நாள்ல அடங்கிரும்" என்றும் சொல்லிவிட்டாள். அடங்கத்தான் செய்தது. சிவப்பு மங்கியது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

பத்து நாள் கழித்து நர்ஸ் பிளெஸ்ஸி தடுப்பூசிக் கணக்குப் பார்க்க வந்தாள். குழந்தையின் உள்ளங்காலைத் திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் சின்னச் சின்னக் கொப்புளம். சிலவற்றில் மஞ்சளாகச் சீழ்.

"வேர்க்குருன்னு யாரு சொன்னது? வேர்க்குரு உள்ளங்கால்ல வராதுங்க. இது சிரங்குப் பூச்சி" என்றாள் பிளெஸ்ஸி. ட்யூபைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "இது அரிப்பை மட்டும் அமுக்கும். உள்ளாற பூச்சி பாட்டுக்குப் பெருகிக்கிட்டிருக்கும்."

"சீழ் எதுனால சிஸ்டர்?" என்று திலகவதி கேட்டாள்.

"நம்ம தோல் மேல கண்ணுக்குத் தெரியாத கிருமி கோடிக்கணக்குல குடியிருக்குங்க. எல்லாம் கெட்டதில்ல, காவலுக்கு இருக்கற நல்ல கிருமியும் உண்டு. பொறந்த புள்ளைக்கு அது தொடுறவங்ககிட்டேருந்து கொஞ்சங்கொஞ்சமா ஒட்டும். பூச்சி தோலுக்குள்ள வளை தோண்டுன எடத்துல அந்த நல்லது அடங்கிப்போயி, சீழ்க் கிருமி ஏறிக்கும். களை எடுக்காத கடலைக் கொல்லையில கோரை ஏறுமே, அந்தக் கணக்குத்தான். அது ரத்தத்துல போயிருச்சுன்னா பச்சப்புள்ள தாங்காது. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. வீட்டுல எல்லாரும் மருந்து போடணும்" என்றவள், "யாரு கையிலயாச்சும் அரிப்பு இருக்கா?" என்று சுற்றிப் பார்த்தாள்.

திலகவதி தன் கையை நீட்டினாள். விரல் இடுக்கில் நாலைந்து பொரி. பிள்ளையிடமிருந்து அவளுக்கு வந்தது. ஆனால் பார்த்தவர்களுக்கு அப்படியா தோன்றும்? மாமியார் ராக்கம்மாவின் முகம் கறுத்தது.

அமராவதி வாசற்படியில் நின்றாள். இரண்டு கையும் சேலைத் தலைப்புக்குள் இருந்தன. இப்போது சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொன்னால் இருபது வருஷப் பேரும் போச்சு, இனி எந்த வீட்டில் நம்பிப் பிள்ளையைக் கொடுப்பார்கள்? வாய் வாய் என்று ஊரே சொல்கிற அந்த வாய் அன்றைக்குத் திறக்கவில்லை.

ஆலங்குடி ஆஸ்பத்திரியில் குழந்தைக்குக் களிம்பு கொடுத்தார்கள், காய்ச்சல் கண்டால் உடனே ஓடிவரச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் ராக்கம்மா பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். "ஒன் சொறிக் கையால எம்பேத்திய இனிமே தொடாத. பாலைப் பீச்சிக் குடு, பாலாடையில நான் குடுத்துக்கிறேன்." பிறகு அமராவதியைப் பார்த்து, "நீதாம்மா சுத்தமானவ. குளிப்பாட்டுறது, மருந்து தடவுறது, எல்லாம் இனிமே நீயே பாத்துக்க" என்றாள்.

முடியாது என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே! அவளிடம் இருந்தது ஒரே காரணம். அதைச் சொல்ல முடியாமல் மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். அதே கால், அதே கை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திலகவதி உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, புள்ள என்னையத் தேடுதாக்கா?" என்று கேட்டாள். அமராவதி குனிந்தபடியே அடுத்த செம்புத் தண்ணீரை மோந்தாள்.

நாலாம் நாள் காலில் கிடத்தித் தண்ணீரை ஊற்றினாள். குழந்தை அழவில்லை. இன்னொரு செம்பு ஊற்றினாள். துணிபோலக் கிடந்தது, தொட்டால் கொதித்தது. "ஐயோ, வண்டி எடுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

குழந்தையைப் புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அமராவதி வீட்டுக்குப் போகவில்லை, துணை சுகாதார நிலையத்துக்கு நடந்தாள். பிளெஸ்ஸியின் மேஜைமேல் இரண்டு கையையும் விரித்து வைத்தாள். பிளெஸ்ஸி திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் திட்டவில்லை, நோட்டை எடுத்தாள்.

"தை மாசத்துலேருந்து எத்தனை வீடுங்க?"

அமராவதி ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். பதினொரு பிள்ளை. ஆறாவது பெயரை இரண்டு தடவை சொன்னாள். அதுவும் நாற்பது நாள்கூட ஆகாத பிள்ளை, அந்த வீட்டிலும் வேர்க்குரு என்றுதான் சொல்லியிருந்தாள்.

"நாங்க ஒவ்வொரு வீடா போறோம். திலகவதிகிட்ட மட்டும் நீங்களே சொல்லிருங்க" என்றாள் பிளெஸ்ஸி.

மறுநாள் காலை பஸ்ஸில் அமராவதி புதுக்கோட்டை போனாள். குழந்தைகள் வார்டுக்கு வெளியே பெஞ்சில் திலகவதி உட்கார்ந்திருந்தாள். ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது, இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அமராவதி உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னாள். புருஷன் வந்தது, க்ரீம், தன் கை, கால், எல்லாவற்றையும் சொன்னாள். பாதியில் அழுதுவிட்டாள்.

திலகவதி அழவில்லை. தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கையிலேருந்துதான் வந்துச்சுன்னு நெனச்சேன்க்கா. அதான் அவுங்க சொன்னப்ப எதுத்துப் பேசல" என்றாள். குரல் தணிவாகத்தான் இருந்தது. "நாலு நாளா எம்புள்ள மேல எங்கை படவே இல்ல. ஒங்க கைதான் பட்டுச்சு."

அதற்குள் உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து, "திலகவதி குழந்தைக்கு யாரு வந்திருக்கீங்க? சீக்கிரம் வாங்க, டாக்டர் கூப்புடுறாரு" என்றாள். திலகவதி செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். கதவு மூடிக்கொண்டது. அமராவதி பெஞ்சில் உட்காரப் போனவள், உட்காராமல் சுவரோரமாகவே நின்றுகொண்டாள்.