பொன்முடிப் பேருந்தின் புகார் நோட்டு

காலை 6.40க்குத் தம்பானூர் நிலையத்திலிருந்து பேருந்து கிளம்பியது. பொன்முடி மலை ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். டிக்கெட் எண்பத்தைந்து ரூபாய். என் நாகர்கோவில் தமிழைக் கேட்டதும் நடத்துநர்ப் பெண் ரம்யா சிரித்து, மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள்: "நாங்களும் தமிழ்தான் சார், வீடு சாலை பஜார் பக்கம். மலை ரூட்டுக்கு ஆத்யமாட்டு, மொத தடவையா, இன்னைக்குதான் வாறேன்."

விதுராவில் செல்லம்மா என்ற எஸ்டேட் தொழிலாளி அரிசிச் சாக்கோடு படியேற முடியாமல் தவித்தார். நாங்கள் வேடிக்கை பார்த்தோம். ரம்யாதான் இறங்கிச் சாக்கைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

கல்லாற்றுக்கு மேல் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பது மணிக்கு எஸ்டேட் குடியிருப்பருகே வண்டி நின்றது. மணிக்கயிற்றை ஒருமுறை இழுத்தால் வண்டி நிற்கும். இரண்டு முறை இழுத்தால் கிளம்பும். பின்படியைக் கூட்டம் மறைத்திருந்தது. செல்லம்மாவின் ஒரு கால் படியில் இருக்கும்போதே ரம்யா இரண்டு முறை இழுத்துவிட்டாள். வண்டி குலுங்கியது. அவர் சாக்கோடு சாலையில் விழுந்தார்.

தப்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் விழுந்தவரைத் தூக்க ஓடியவள் ரம்யா ஒருத்திதான். மற்றவர்களுக்கு வாய் மட்டும்தான் வேலை செய்தது. "கண்ணு காணத்தில்லே?" என்று ஓட்டுநர் கத்தினார். முன்இருக்கைக்காரர் ஒருவர், எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள், "இவளையெல்லாம் யாரு வேலைக்கு எடுத்தது? புகார் நோட்டைக் கொண்டா!" என்று குதித்தார். அவளே பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அவளுடைய பேனாவாலேயே எழுதினார் அந்தப் புண்ணியவான்.

செல்லம்மா முழங்காலில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சாரமில்ல மோளே, பரவாயில்ல. சாக்கு தூக்க கை குடுத்தது நீ ஒருத்திதானே? பயப்படாத, பேடிக்காத. சாயங்காலம் நெடுமங்காட்டுக்கு இதே வண்டியிலதான் வருவேன். நீதான் பெல்லடிக்கணும், கேட்டியா?"

அடுத்த வளைவுகளிலும் வசவு நிற்கவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் வாயைத் திறந்தேனா? என் வாயில் மட்டும் என்ன, கொழுக்கட்டையா இருந்தது?

மலையுச்சியில் பனி, புல்மேடு, பன்னிரண்டு ரூபாய்க்கு டீ. எதுவும் மனத்தில் ஒட்டவில்லை. டீக்கடை ஓரத்தில் ரம்யா போனில் பேசிக்கொண்டிருந்தாள். "வேண்டாம் அம்மா, இந்த ஜோலி எனக்குப் பற்றாது, என்னால முடியாது. இங்கயே பையைக் குடுத்துட்டு இறங்கிடலாம்னு தோணுது." சற்று நின்று, "ஆனா அந்த அம்மா சாயங்காலம் வருவேன்னு பறஞ்சாங்க" என்றாள்.

மாலை நான்கு மணி வண்டியில் பையோடு அவள்தான் நின்றாள்.

குடியிருப்பு நிறுத்தத்தில் செல்லம்மா முழங்காலில் துணிக்கட்டோடு காத்திருந்தார். ரம்யா இறங்கிக் கைபிடித்து ஏற்றி, உட்காரவைத்து, பின்படிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்து மணியடித்தாள். "இப்ப சரியா அடிச்சாளா இல்லையா?" என்று செல்லம்மா ஓட்டுநரைப் பார்த்து உரக்கக் கேட்டார். அவர் வண்டியைக் கிளப்பினார்.

நான் எழுந்து புகார் நோட்டைக் கேட்டேன். ரம்யாவின் முகம் சுண்டிப்போனது. "சாரும் எழுதணுமா?" என்றபடி நீட்டினாள்.

நோட்டைப் புரட்டினேன். பெயர், வண்டி எண், குற்றம் செய்தவர், குற்றம் என்ன என்று கட்டம் கட்டமாக அச்சடித்திருந்தார்கள். நல்லது எழுத ஒரு கட்டம் இல்லை. நாலு நல்ல வார்த்தை, காசா பணமா? எங்கள் ஊர் மட்டும் என்ன வாழ்கிறது! திட்ட ஊரே கூடும். பாராட்ட நல்ல நாள் பார்ப்போம்.

காலையில் எழுதிய புகாருக்குக் கீழேயே எழுதினேன். குற்றம் செய்தவர் என்ற இடத்தில், 'சாக்கைத் தூக்காமலும், விழுந்தவரைத் தூக்காமலும், தூக்கியவளைத் திட்டும்போது பேசாமலும் இருந்த பயணிகள்' என்று எழுதி, முதல் பெயராக என் பெயரைப் போட்டேன். காலையில் செல்லம்மா ரம்யாவிடம் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன்.

படித்துக் காட்டியபோது செல்லம்மா கை நீட்டினார். "பேனாவ இங்க தாங்க. நான் சொன்னதுக்கு நானே ஒப்பு போடுறேன்."

கீழே இடமில்லாமல் ஓரத்தில் போட்ட அந்தக் கையெழுத்து, வண்டி ஆடிய ஆட்டத்தில் காலையில் எழுதிய புகாரின் மீது பாதி ஏறிவிட்டது. ரம்யா அதை அழிக்காமல் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.