பொது நோட்டில் என் மை

எண்பதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் அரசு வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த நாங்கள் ஆறு பேர் ஒரு பொது நோட்டு வைத்திருந்தோம். வினாத்தாளைக் கூடத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அதனால் கேள்விகளை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டு, மனப்பாடம் செய்துகொண்டு வெளியே வருவோம். பழைய கேள்விகள் திரும்ப வரும் அல்லவா. விடையை முதலில் பென்சிலில்தான் எழுத வேண்டும்; வேறு இரண்டு பேர் சரி என்ற பிறகே மை. சாரலுக்குப் பயந்து பாலிதீன் பையில் சுற்றி, நோட்டு முறைவைத்து வீடு வீடாகப் போகும்.

குறைகுடம் கூத்தாடும் என்பார்களே, அது அப்போது நான்தான். பிரேசிலின் தலைநகர் எது என்று ஒரு கேள்வி. வீட்டு அட்லஸில் ரியோ டி ஜெனிரோ என்று என் கண்ணால் பார்த்திருந்தேன். இதற்கு இரண்டு பேர் எதற்கு? மையிலேயே எழுதி, இலஞ்சியில் இருந்த அக்காவிடம் நோட்டைக் கொடுத்தேன். எங்கள் ஆறு பேரில் மூத்தவள். வயது வரம்பு முடிவதால் வரும் ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சைதான் அவளுக்குக் கடைசி.

"மையில இருக்கத மட்டும் படிக்கேன் தம்பி. மத்ததுக்கு நேரமில்ல," என்றாள்.

வியாழக்கிழமை நூலகத்தில் புதிய பொது அறிவுப் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். தலைநகர் பிரேசிலியாவுக்கு மாறி இருபது வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டு அட்லஸ் அப்பா படித்த காலத்தது. இலஞ்சி என்ன தூரமா, சைக்கிளில் கால்மணி நேரம். போனால் யாரையும் கேட்காமல் மை வைத்ததைச் சொல்ல வேண்டும். வெட்கமாக இருந்தது. இத்தனை கேள்வியில் அதுவா வரப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

வந்தது. நான் பிரேசிலியா என்று எழுதினேன்.

எனக்கு வேலை கிடைத்தது, அக்காவுக்குக் கிடைக்கவில்லை. அந்த ஒரு மார்க்கில்தான் போயிற்றா என்று தெரியாது. கேட்க எனக்கு முகமில்லை. "மத்தவங்களுக்கு ஆகும்லா" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

வீட்டில் பிரித்துப் பார்த்தேன். என் மைக்குப் பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தாள்: 'பிரேசிலியா என்று நினைக்கிறேன். இரண்டு பேர் பார்க்கவும்.'

என் விடையை அடித்து, மேலே மையில் பிரேசிலியா என்று எழுதினேன். அவள் வரியை ரப்பரால் அழித்தேன். ஏன் அழித்தேன் என்று நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் நோட்டை அடுத்த நண்பனிடம் கொடுக்கும்போது, தப்பு ஒன்றைத் திருத்தியிருப்பதாகச் சொன்னேன்.

"நல்ல கண்ணுலே ஒனக்கு," என்றான்.