பரமண்டலத்துக்குப் போன நாய்

எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஹட்டன் பட்டணத்துப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அடுத்த ஆண்டு விஞ்ஞான வகுப்பில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அப்பா சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து ரஷ்யாக்காரர்கள் ஒரு நாயை வானத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

முஸ்லிம் நானாவின் கடை ரேடியோவில் கேட்ட செய்தியை, தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்கு அப்பா கொண்டுவந்தார். அன்று முழுக்க, எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அதே பேச்சு.

"ஞானஸ்நானம் எடுத்து, ஞாயித்துக்கெழம தவறாம கோயிலுக்குப் போயி, நாம இன்னும் இந்தப் பீலியடியிலதான் நிக்கிறோம். அந்த நாய் நமக்கு முந்திக்கிட்டுப் பரமண்டலத்துக்குப் போயிருச்சு பாரு!" என்றாள் லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அத்தை.

கோயிலில் பிரசங்கம் செய்யும் உபதேசியாருக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"விஞ்ஞானம் படிக்கிற புள்ளைங்க மொதல்ல ஜெபத்த விடுவாங்க. பொறவு கோயில விடுவாங்க. யோசிச்சுக்கங்க."

அப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "சரிங்க ஐயா. ஞாயித்துக்கெழம ஆராதனை முடியவும் எல்லாருக்கும் முன்னால நீங்க இவளக் கேள்வி கேளுங்க. பதில் சொன்னா படிக்கட்டும். முழிச்சான்னா அவ அம்மாகூடக் கொழுந்து பறிக்கப் போகட்டும்."

அம்மாவின் கொழுந்துக் கூடை சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வழக்கத்தைவிடக் கூட்டம். வேதத்துக்கு இல்லாத கூட்டம் நாய்க்கு வந்துவிட்டது என்று அத்தை முணுமுணுத்தாள். உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேகத்தையெல்லாம் தாண்டி நாய் போயிருச்சு. அங்க ஆண்டவரு இருந்தாரா இல்லையா? ஒம் பொஸ்தகத்துல வளிமண்டலம்னு எழுதியிருக்கு. நாம ஜெபத்துல சொல்ற பரமண்டலம் எங்க இருக்குன்னு எழுதியிருக்கா?"

எழுதியிருக்கவில்லை. கோயில் ஜன்னல் வழியே எங்கள் தோட்டம் தெரிந்தது. உச்சியில் துரையின் பங்களா, அதற்குக் கீழே கிளாக்கர் வீடு, எல்லாவற்றுக்கும் அடியில் லயங்கள். உத்தரவெல்லாம் மேலேயிருந்துதான் இறங்கி வரும். 'மேலே' என்று யார் சொன்னாலும் எங்கள் கண்கள் அந்தப் பங்களாவுக்குத்தான் போகும். எனக்குப் பளிச்சென்று பட்டது.

"ஐயா, துரை மேல இருக்காரு. அதனால ஆண்டவருக்கும் நாமளே துரைக்கு மேல ஒரு பங்களா கட்டி அங்க ஏத்தி வச்சுட்டோம். அவரு பொறந்தது எங்க?"

"மாட்டுத் தொழுவத்துல" என்றாள் அத்தை.

"அது பங்களாவா, லயமா?"

"லயத்த விட மோசமுடி!"

கோயில் சிரித்தது. எனக்குத் துணிச்சல் வந்தது. "கீழ எறங்கி வந்தவர நாய் மேல போயித் தேடுனா கெடைப்பாரா? பரமண்டலம்னா ஒசரம் இல்லீங்க ஐயா. அவரு நெனைக்கிறது நடக்கிற எடம். ஒசரத்த அளக்கிறவங்க அளக்கட்டும். அதுல ஜெபத்துக்கு என்ன கொறஞ்சிரும்?"

"இத ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான். போன கிறிஸ்மஸுக்கு, எறங்கி வந்த ஆண்டவர்னு பிரசங்கம் பண்ணீங்களே!"

உபதேசியார் தன் குடையை எடுத்து இன்னொரு மூலையில் சாத்தினார். சிரிப்பை மறைக்கத்தான் என்பது என் எண்ணம். "புள்ள படிக்கட்டும்" என்றார் அப்பா, எல்லாருக்கும் கேட்கும்படி.

முடிந்தது என்று நினைத்தேன். அப்போது அம்மா எழுந்து நின்றாள்.

"அந்த நாய எப்ப எறக்குவாங்க?"

"எறக்க வழியில்லையாம்மா" என்றேன்.

"ஏத்தத் தெரிஞ்சவங்களுக்கு எறக்கத் தெரியாதா? தெரிஞ்சேதான் அனுப்புனாங்களா?"

"அதத்தான் நானும் சொல்றேன்" என்று உபதேசியார் அவசரமாக நுழைந்தார்.

"நீங்க அதச் சொல்லலீங்களே ஐயா. நாய் ஆண்டவரப் பாத்துச்சான்னுதான் கேட்டீங்க. ஆண்டவரு அந்த நாயப் பாக்கிறாரா?"

"பாக்கிறாரு" என்றோம் நானும் உபதேசியாரும் ஒரே நேரத்தில். நாங்கள் இருவரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. கடைசி ஜெபத்தில் அவர் வானத்தில் சுற்றும் அந்தச் சீவனையும் சேர்த்துக்கொண்டார். எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவள் அத்தை.

ஜனவரியில் விஞ்ஞான வகுப்புக்குப் புறப்பட்டேன். நான் ஹட்டன் பஸ்ஸில் ஏறும்போது, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டே அம்மா மேட்டிலிருந்து கத்தினாள்:

"ஏத்துறத மட்டும் படிச்சிட்டு வந்துறாத! எறக்குறதையும் படி!"

"என்னத்த ஏத்தணும்?" என்று கேட்டார் கண்டக்டர்.

"ஒரு நாய்."

"நாயெல்லாம் பஸ்ல ஏத்த மாட்டோம்" என்று சொல்லிவிட்டு அவர் மணியடித்தார்.